அட்டைக்கு வைத்த உப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் உப்பு இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று அடுப்படியில், சட்டியில். மற்றது கொழுந்து எடுக்கப் போகும் பெண்களின் இடுப்பில், துணி முடிச்சில். வட்டவளைப் பக்கத்து மழையில் நனைந்தவர்களுக்கு இரண்டாவது உப்பு எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. நனையாதவர்களுக்குச் சொல்கிறேன், அது அட்டைக்கு. மழை நாளில் தேயிலைச் செடிகளுக்கு அடியில் அட்டைகள் நம் கால்களுக்காகவே காத்துக் கிடக்கும். கடித்ததைப் பிடித்து இழுத்தால் விடாது. ஒரு சிட்டிகை உப்பு வைத்தால் சுருண்டு விழும். அந்த உப்பை நான் தின்றேன்.

முதலில் விரலில் ஒட்டியிருந்ததைத்தான் நாக்கில் வைத்தேன். அப்படி ஒரு ருசியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. அடுத்த நாள் ஒரு சிட்டிகை, அதற்கடுத்த வாரம் ஒரு பிடி என்று போய், மத்தியானக் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் முடிச்சு காலியாகிவிடும். அட்டைகளுக்கு என்னால் நல்ல காலம் பிறந்தது. கால் முழுக்க ரத்தக்கோடுகளோடு லயத்துக்கு, எங்கள் வரிசை வீட்டுக்கு, திரும்புவேன். உப்பு எங்கே என்று பக்கத்து நிரைப் பெண்கள் கேட்டால் மழையில் கரைந்துவிட்டது என்பேன். அவர்களும் நம்பினார்கள், மழை அப்படி.

அது ஐம்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். கட்டியது சொந்த அத்தை மகனைத்தான். அவர் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை, வாயில்லாத மனிதர். அவருக்கும் சேர்த்து அத்தைக்கு வாய் இருந்தது. லயத்தில் எங்களுக்கு ஒரே காம்பரா, ஒற்றை அறை. அதில் நாங்கள் மூன்று பேரும், அத்தையின் குரலும் குடியிருந்தோம். அத்தை தோட்டத்திலேயே வேகமான கொழுந்துக்காரி. மருமகளும் அப்படித்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நானும் அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தேன், கால்கள் என்னை விட்டுப் போகும்வரை.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு மலையை ஏறி முடிப்பதற்குள் உட்கார வேண்டும் போலிருக்கும். உட்கார்ந்து எழுந்தால் செடிகள் எல்லாம் பக்கவாட்டில் ஓடும். கூடை பாதியைத் தாண்டாது. வேலையை மேற்பார்க்கும் கங்காணி என் கூடையைப் பார்த்து, "மகராணிக்கு இன்னிக்கு மனசில்லையோ" என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், ஆனால் திருப்பிச் சொல்ல மூச்சு இருக்காது. மூச்சிருந்த காலத்தில் அவர் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை.

அப்புறம் கறுத்தேன். நான் பிறவியிலேயே கறுப்புதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கறுப்புக்கும் ஒரு அளவு வேண்டாமா? கழுத்து, முழங்கை, விரல் மூட்டு எல்லாம் புகை படிந்த சட்டி மாதிரி ஆயின. சின்ன வயதில் கத்தி வெட்டிய தழும்பு ஒன்று காலில் வெளுப்பாக இருந்தது, அதுவும் கறுத்தது. காலையில் மூடிய பனி மத்தியானம் வரை விலகாத ஊரில் உனக்கு மட்டும் எங்கேயிருந்து வெயில் அடிக்கிறது என்று பீலியடியில் பெண்கள் கேலி செய்தார்கள். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் நானும் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் திருப்பி வைத்தேன்.

காலையில் குமட்டல் தொடங்கியபோது அத்தைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உப்பு கேட்கிறாள், வாந்தி எடுக்கிறாள், மயக்கம் வருகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? லயம் முழுக்கச் செய்தி போனது. கடையிலிருந்து ஒரு போத்தல் தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, ஊறுகாய் வந்தது. நான் சோற்றைத் தொடாமல் ஊறுகாயை மட்டும் தின்று தீர்த்தேன். அத்தை தன் கையாலேயே இன்னொரு போத்தல் போட்டார். அந்த ஒரு மாதம் எனக்குக் கிடைத்த மரியாதை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் வயிறு முன்னால் வருவதற்குப் பதிலாகப் பின்னால் போனது. ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. பிள்ளை இல்லை என்று தெரிந்த நாளில் அத்தை ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன், அது ஏச்சைவிடக் கஷ்டமாக இருந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஓர் ஐயா இருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் உலகத்து வியாதிகளுக்கெல்லாம் அவரிடம் மூன்று போத்தல்கள்தான் இருந்தன. ரோஸ் நிறம், வெள்ளை நிறம், மண் நிறம். என் வாயைத் திறக்கச் சொல்லி, ஈறு கறுத்திருக்கிறதே, வெற்றிலையைக் குறை என்றார். நான் வெற்றிலை போட்டதே கிடையாது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கையை நீட்டச் சொன்னார். உள்ளங்கை ரேகையெல்லாம் மை தீட்டியது போல இருந்தது. "கையக் கழுவிட்டு வரக்கூடாதா" என்று சொல்லி ரோஸ் மருந்தைக் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கொழுந்து எடுப்பவள் கையில் தேயிலைக் கறை இருக்கும், தோட்டத்துப் பெண் வாயில் வெற்றிலைக் கறை இருக்கும். என் நோய் ஒளிந்துகொள்ள எங்கள் மலையைப் போல வசதியான இடம் வேறெங்கும் கிடைத்திருக்காது.

தீபாவளிக்கு முன்பே வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். போகவில்லை என்பதைவிட, போக முடியவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு நடப்பதே ஒரு நாள் வேலையாக இருந்தது. நாள் முழுக்கக் காம்பராவில் கிடந்து கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கள்ளி, வேலைக்குப் பயந்து படுத்திருக்கிறாள் என்று சிலர் பேசியது காதில் விழும். நான் செத்துப்போவேன் என்று எனக்குத் தெரிந்தது. அதைவிட, சோம்பேறி என்ற பேரோடு சாவேனே என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

பங்குனியில் எங்கள் மாரியம்மன் திருவிழா. அத்தை யார் யாரையோ கேட்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அம்மனுக்கு ஏதோ குறை வைத்திருக்கிறோம், அதைத் தீர்க்க வேண்டும். காப்புக் கட்டிய நாளிலிருந்து திருவிழா முடியும்வரை நான் ஒரு நேரம்தான் சாப்பிட வேண்டும், அதுவும் உப்பில்லாமல். எங்கள் ஊரில் அது வழக்கமான நேர்த்திதான், பலர் அப்படி விரதம் இருப்பார்கள். எனக்கோ அதைக் கேட்டதும் பயம் பிடித்துக்கொண்டது. சாமிக்குப் பயந்தல்ல, உப்பை விட வேண்டுமே என்று. ஆணியில் தொங்கிய என் உப்பு முடிச்சை ஒரு பார்வை பார்த்தேன். அத்தையும் பார்த்தார். எழுந்து போய் அதை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, திருவிழா முடியும்வரை ஒவ்வொரு இரவும் அதோடேயே தூங்கினார்.

உப்பில்லாத சோற்றை அத்தை தன் கையால் பிசைந்து வாயில் ஊட்டினார். அவருக்கு என்மேல் பிரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நான் விழுங்கினேன், கக்கினேன், மறுபடி விழுங்கினேன். ஒவ்வொரு நாளும் கண் இருட்டுவது அதிகமானது. பால்குடம் எடுக்கிற அன்று என்னைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்குக் கூட்டிப்போய் வாசலில் உட்கார வைத்தார்கள். தீபாராதனைக்கு மணி அடித்ததும் எல்லோரையும் போல நானும் எழுந்தேன். எழுந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது பிறர் சொல்லித்தான் தெரியும்.

விழுந்த என்னைச் சுற்றிக் கூட்டம் கூடியது. உடம்பு நடுங்கியதாம், கண் சொருகியதாம். சாமி வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, தப்புக்காரர்கள் மேளத்தை இன்னும் வேகமாக அடித்தார்கள். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள், வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். பூசாரி என் முன்னால் குனிந்து, ஆத்தா என்ன கேட்கிறாள் என்று கேட்டார். என் உதடு அசைந்து ஒரே ஒரு சொல் வந்திருக்கிறது.

"உப்பு."

ஆத்தா உப்புக் கேட்கிறாள் என்று கோயிலே பரபரத்தது. காணிக்கைக்கு வைத்திருந்த உப்பையும் மிளகையும் அள்ளிக்கொண்டு ஓடி, அம்மன் காலடியில் கூடை கூடையாகக் கொட்டினார்கள். கேட்டவள் வாயில் ஒரு கல் உப்பு வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பின்னாளில் இதை யார் சொன்னாலும் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். என் வீட்டுக்காரர் மட்டும் அன்றும் சிரிக்கவில்லை, இன்றும் சிரிப்பதில்லை. அவர்தான் கூட்டத்தை விலக்கி வந்து என் காலைத் தொட்டுப் பார்த்தவர். பீலித் தண்ணீர் போலச் சில்லிட்டிருந்ததாம். "இது சாமியில்ல, இவ சாகப் போறா" என்று அந்த வாயில்லாத மனிதர் சொல்லியிருக்கிறார். தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறியில் என்னைப் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நான் கண் திறந்தபோது தலைக்கு மேல் ஒரு கண்ணாடிப் போத்தல் தொங்கியது. அதிலிருந்து ஒரு குழாய் என் கைக்குள் போனது. அது என்ன என்று சிங்கள நர்சிடம் கேட்டேன். "லுணு வத்துர" என்றாள். உப்புத் தண்ணீர். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதம் நாக்கு கெஞ்சியதை இவர்கள் கேட்காமலே கொடுத்துவிட்டார்களே என்று அழுதேன். நர்ஸ் வலிக்கிறது போலும் என்று நினைத்துக் கையைத் தடவினாள்.

இரண்டு போத்தல் இறங்கியதும் எழுந்து உட்கார்ந்தேன், கஞ்சி குடித்தேன். துணைக்கு வந்திருந்த அத்தை, இந்த உப்புத் தண்ணிக்குத்தானா இவ்வளவு தூரம் வந்தோம் என்று முணுமுணுத்தார். போத்தலைக் கழற்றினார்கள். அடுத்த நாளே மறுபடி விழுந்தேன். மறுபடி போத்தல், மறுபடி எழுந்தேன். வார்டைப் பார்க்கும் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அமைதியாகப் பேசும் மனிதர். முதல் நாள் அவரும் என் கையைப் பார்த்துக் கொழுந்துக் கறை என்றுதான் விட்டிருந்தார். இப்படி விழுந்து எழும்புவது அவருக்குப் பிடிக்கவில்லை. படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், நிற்க வைத்தும் பார்த்தார். நிற்கும்போது எனக்குத் தலை சுற்ற, அவர் முகம் மாறியது. உப்பு அதிகம் தின்பேனா என்று கேட்டார். அத்தை முந்திக்கொண்டு, அட்டைக்கு வைத்ததைக்கூட விடமாட்டாள் என்று கோள் சொன்னார். டாக்டர் என் கையைத் திரும்ப எடுத்து ரேகைகளைப் பார்த்தார்.

"பிள்ளை, கடைசியாக் கொழுந்து எடுத்தது எப்ப?"

தீபாவளிக்கு முந்தி என்றேன். அவர் என் கையை விடவில்லை. பிறகு அத்தையைப் பார்த்து, "அம்மா, உங்கட கையையும் ஒருக்காக் காட்டுங்கோ" என்றார். அத்தை திருவிழாவுக்கு முதல் நாள் வரை கொழுந்து எடுத்தவர். இரண்டு கைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, இரண்டும் கறுப்பு. ஆஸ்பத்திரிக் குசினியிலிருந்து ஒரு தேசிக்காயை வெட்டி வரச் சொன்னார். ஆளுக்குப் பாதி கொடுத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவி வரச் சொன்னார். அத்தைக்கு இது பெரிய அவமானம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைக் கை கழுவச் சொல்லி அனுப்புகிற டாக்டர் உண்டா என்று குழாயடியில் நின்று என்னிடம் பொரிந்து தள்ளினார். ஆனாலும் தேய்த்தார், கோபத்தில் நன்றாகவே தேய்த்தார்.

திரும்பி வந்து நீட்டினோம். அத்தையின் ரேகைகள் கறை போய்ச் சிவப்பாகத் தெரிந்தன. என் கையில் ஒரு கோடுகூட மாறவில்லை. அத்தை என் கையைப் பிடித்து, தன் பாதித் தேசிக்காயை வைத்துத் தானே இன்னொரு முறை தேய்த்தார். பிறகு முந்தானையால் துடைத்தார். கறை அங்கேயே இருந்தது. டாக்டர் என் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார், வெற்றிலை உண்டா என்றார். இல்லை என்று இந்த முறை சொல்லி முடித்தேன். அந்த ஒரு பதிலைச் சொல்லி முடிக்க விட்டதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அன்றே ஊசி போட்டார்கள். ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். காசம் உண்டா என்று நெஞ்சைப் படம் பிடித்தார்கள், இல்லை. கோர்ட்டிசோன் என்ற மாத்திரை கொழும்பிலிருந்து ரயிலில் வந்தது. ரத்தச் சோதனையின் பதிலும் வந்தது. என் ரத்தத்தில் உப்பு குறைவு, டாக்டர் நினைத்தது சரி. எனக்கோ அந்தச் சோதனையே தேவைப்படவில்லை. ஊசி போட்ட மறுநாள் காலை கண் விழித்தபோது பசித்தது. சும்மா பசி இல்லை, கட்டிலைக் கடித்துத் தின்கிற பசி. அத்தை கடையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் வாங்கி வந்தார். நான் தின்ற வேகத்தைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரி தன் பங்கையும் தந்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணத்தன்றுகூடச் சாப்பிட்டதில்லை.

என் வீட்டுக்காரரும் வந்ததும் டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்து விளங்கப்படுத்தினார். சிறுநீரகம் இரண்டுக்கும் மேலே தொப்பி மாதிரி இரண்டு சின்னச் சுரப்பிகள் உண்டாம். உடம்பிலே உப்பைப் பிடித்து வைப்பதும், காய்ச்சலோ காயமோ வந்தால் தாங்கிக்கொள்ளத் தெம்பு கொடுப்பதும் அதிலிருந்து ஊறும் சத்துதான். என்னுடையவை வற்றிவிட்டன. அந்தச் சத்து குறைந்தால் மேல்தோல் கறுக்கும், உப்பெல்லாம் உடம்பை விட்டுப் போகும், அதனால்தான் நாக்கு உப்பைத் தேடியது. மாத்திரையைச் சாகும்வரை தினமும் போட வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாகப் போட வேண்டும். வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி. உப்பு தாராளமாகத் தின்னலாம்.

கடைசி வார்த்தையைக் கேட்டதும் அத்தை தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கேட்டார், "அப்ப, உப்பில்லாம போட்டதாலதான் விழுந்தாளாங்க?" டாக்டர் பொய் சொல்லவில்லை. நோய் முன்பே இருந்தது, உப்பை நிறுத்தியது அதைச் சீக்கிரம் கீழே தள்ளியது என்றார். அன்று முழுவதும் அத்தை வார்டுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். மாலையில் உள்ளே வந்து, இடுப்பிலிருந்த உப்பு முடிச்சை எடுத்து என் தலையணைக்குக் கீழே வைத்தார்.

வீடு திரும்பியபின் அத்தை என் நோய்க்கு முதலாளி ஆனார். மழைக்கு நாம் தலையில் போடுகிற மாதிரி சிறுநீரகமும் கொங்காணி போட்டிருக்கும், இவளுடைய கொங்காணி கிழிந்துவிட்டது என்று லயம் லயமாகப் போய் விளக்கினார். காலைத் தேத்தண்ணிக்கு முன்னால் மாத்திரையை நீட்டி, விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். மழைக்காலத்தில் ஒரு தடவை காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து வந்தது. அத்தை என் வீட்டுக்காரரை ஓட விடாமல் தானே ஓடி டிஸ்பென்சரி ஐயாவைக் கையோடு கூட்டி வந்தார். அவரிடம் இப்போது நான்காவதாக ஒரு மருந்து இருந்தது, டாக்டர் கொடுத்தனுப்பிய ஊசி. அதைப் போட்டுவிட்டு, டோர்ச் அடித்து என் ஈறை இன்னொரு முறை பார்த்து, "வெத்திலையா, நல்லா சொன்னேன் போ" என்று தன்னையே நொந்து சிரித்தார். எனக்கும் அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

கறுப்பும் மெல்ல இறங்கி என் பழைய கறுப்புக்கு வந்தேன். மலையேறினேன். கூடை நிறைந்த முதல் நாள் கங்காணியின் முன்னால் அதை வேண்டுமென்றே கொஞ்சம் ஓசையோடு வைத்தேன். அவர் அதைத் தராசில் மாட்டினார்.

மறுபடி பங்குனி வந்தது. காப்புக் கட்டப் போகும்போதுதான் பேச்சு எழுந்தது. போன வருஷம் விரதம் பாதியில் முறிந்துபோனது, முறிந்த நேர்த்தியை முடிக்காவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது, அவள் இந்த வருஷம் உப்பில்லாமல் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். கோயில் கமிட்டிப் பெரியவர்கள் சிலரே வீட்டுக்கு வந்து சொன்னார்கள். மாத்திரை போட்டாலும் உப்பை விட்டால் மறுபடி விழுவேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை சாமிக்குப் பயந்தவர், அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார். காப்புக் கட்டியதிலிருந்து தன் சோற்றை மட்டும் உப்பில்லாமல் தனியாக வடித்துக்கொண்டார். என் தட்டில் வழக்கத்தைவிட அதிகமாகக் கருவாடு விழுந்தது.

பால்குடத்தன்று கோயிலில் கூட்டம். அத்தை மெலிந்திருந்தார், காணிக்கைக்கு ஒரு சுளகு நிறைய உப்பும் மிளகும் கொண்டுவந்திருந்தார். விரதம் இருக்காதவள் ஏன் வாசலில் நிற்கிறாள் என்று யாரோ கேட்டார்கள். அத்தை சுளகை அம்மன் முன்னால் வைத்துக் கும்பிட்டார். பிறகு எல்லோரும் பார்க்க அதிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஆத்தா போன வருசமே இவ வாயால உப்பு கேட்டா. நாமதான் எடம் தெரியாம கொட்டிட்டோம்."

என் கையை விரித்து, அந்தப் பிடி உப்பைக் கொழுந்துக் கறை ஏறிய என் ரேகைகளின் மேல் வைத்தார். தப்பு மேளம் நின்றிருந்தது. நான் அவ்வளவு பேருக்கும் முன்னால் அதைத் தின்றேன்.